இன்னும் ரெண்டு அடி பின்னாடி

திரை கிழிந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அரங்கமே கத்திக்கொண்டிருந்தது. கேமராவின் சின்னத் திரையில்தான் முதலில் பார்த்தேன். பெரிய திரையின் அடிப்பக்கம், இடது ஓரத்தில், கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் கதாநாயகனின் லாரி ஏறிப் போனது. பிறகு ஒரு பாலம் வந்தது, ஒரு ஆறு வந்தது, கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். எல்லாம் நகர்ந்தன. கோடு மட்டும் நகரவில்லை. அது படத்தில் உள்ளது இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் படத்தின் நான்காம் பாகம் வெளியான நாள் அது. காலை ஒன்பது மணிக் காட்சி, ஆவடிப் பக்கம் ஒரு பழைய தியேட்டர். படத்தின் ரசிகர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் என்று எட்டு மாதமாகக் கேமராவோடு அவர்கள் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்பத்தூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை. கேமரா அவர்களுடையது, முகூர்த்தம் இல்லாத நாளில் எனக்கு இரவல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளே நான்தான். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், லோடுமேன். ஆவணப்படம் என்றால் என்ன என்று அம்மாவுக்கு இரண்டு தடவை விளக்கியிருக்கிறேன்.

"கல்யாண வீடியோ மாதிரியா?"

"இல்லம்மா. அதுல நாம இப்டி நில்லு, அப்டி சிரின்னு சொல்லுவோம். இதுல எதுவும் சொல்லக் கூடாது. நடக்குறத அப்டியே எடுக்கணும்."

"அவனுங்க கத்துறத எடுக்குறதுக்கா காலேஜி படிச்ச?"

சாதாரணமாக நடிகருக்குத்தான் ரசிகர் மன்றம் வைப்பார்கள். மண்ணூர்பேட்டையில் அந்தப் படத்துக்கே மன்றம் வைத்திருந்தார்கள். அதே நடிகரின் மற்றப் படங்களுக்குப் பாதிப் பேர் போகக்கூட மாட்டார்கள். அது ஒரு லாரி டிரைவரின் கதை. ஒவ்வொரு பாகமும் இருட்டில்தான் தொடங்கும். திரையில் ஒன்றும் இருக்காது. லாரியின் செல்ஃப் அடிக்கிற சத்தம் மட்டும் வரும். முதல் தடவை இன்ஜின் பிடிக்காது. இரண்டாவது தடவையும் பிடிக்காது. மூன்றாவது தடவை பிடித்து, ஹெட்லைட் எரிந்து, அந்த வெளிச்சத்தில் படத்தின் பெயர் வரும். எங்கள் பக்கத்து ரசிகர்கள் முதல் இரண்டு தடவையும் அந்தச் சத்தத்தை வாயாலேயே போடுவார்கள். பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது தடவைக்கு மன்றத்து ஆள் ஒருவர் திரைக்கு முன்னால் மேடையில் நின்று, கையில் பெரிய சாவியைப் பிடித்துத் திருப்புவார். அவர் திருப்பினால்தான் லாரி கிளம்பும். இதற்குச் 'சாவி போடுறது' என்று பெயர். யார் சாவி போடுவது என்பதற்கு மன்றத்தில் சண்டையே நடந்திருக்கிறது.

முன்பெல்லாம் சாவி தெர்மோகோலில் செய்தது. நான்காம் பாகத்துக்கு மன்றத் தலைவர் அதை இரும்பில் செய்தார். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் அவர் ஆபரேட்டர். மதியச் சாப்பாட்டு நேரத்தில், முதலாளி இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு முழ நீளத்துக்குக் கடைந்து, பல் வெட்டி, பாலிஷ் போட்டு எடுத்து வந்தார். "டாக்குமென்டரில வரப்போவுது. தெர்மோகோல வெச்சிக்கினு நின்னா அசிங்கமா இருக்காது?" என்றார். அந்தச் சாவியை நான் ஆறு கோணத்தில் படம் எடுத்தேன்.

சாவி போட்டது என் நண்பன். கோவில்பதாகையில் எங்கள் அடுத்த தெரு. எட்டாம் வகுப்பில் முதல் பாகத்தை நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். நான் காலேஜுக்குப் போனேன், அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தான். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பரீட்சை எழுதித் தேறி, மெடிக்கலும் முடிந்து, போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டு, இவன்மேல் கேஸ் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒரு புகாரில் பேர் வந்தால் போதும், அவ்வளவுதான். அவன் அப்பா அதே தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் புல் வெட்டுகிறவர். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே தனி வரிசையில் நின்று அன்றைக்கான பாஸ் வாங்கிக்கொண்டுதான் அவர் உள்ளே போக முடியும். மகன் கழுத்தில் கார்டை மாட்டிக்கொண்டு நேராக உள்ளே நடந்துபோகிற நாளைப் பற்றித்தான் அந்த வீட்டில் எப்போதும் பேச்சு.

கிழிந்ததைப் பார்த்த புரொஜெக்டர் ஆபரேட்டர் படத்தை நிறுத்தினார். விளக்கு எரிந்தபோது மேடையில் முப்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நண்பன் அதற்குள் இறங்கிக் கூட்டத்துக்குள் போயிருந்தான். சாவி தலைவரின் சட்டைக்குள் போயிருந்தது. தியேட்டர் மேனேஜர் மேடை ஏறி அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். படம் மறுபடி ஓடியது. இடைவேளையில் தலைவரையும் என்னையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. சிறப்புக் காட்சிக்கு முன் மன்றத்திலிருந்து பொறுப்புக் கடிதம் கொடுப்பது வழக்கம். மன்றத்துக்கு எந்தக் கடிதமானாலும் நான்தான் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"நீ எழுதுனதுதானே தம்பி? படி. சத்தமா படி."

படித்தேன். "திரையரங்கின் எந்தப் பொருளுக்கு எவ்விதச் சேதம் நேர்ந்தாலும், அதற்கான முழுப் பொறுப்பையும், சட்டப்படியான நடவடிக்கைகளையும் நானே ஏற்றுக்கொள்வேன் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்."

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டது அவர்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. 'நீ எழுதுனா கரெக்டாதான் இருக்கும்' என்று டூவீலர் சீட்டில் வைத்து அன்று கையெழுத்துப் போட்டார். சட்டப்படியான நடவடிக்கை என்பதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கடிதம் கம்பீரமாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

"ஓனர் போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கச் சொல்லிட்டாரு," என்றார் மேனேஜர். "கிழிச்சவன் பேரைக் குடுத்தா அவன்மேல. இல்லேன்னா இந்தக் கடுதாசி இருக்கு, உங்கமேல. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம்."

"இருட்டுல எவன்னு தெரியல சார்," என்றார் தலைவர். "முப்பது பேரு ஏறிட்டானுங்க."

"சாவி போட்டது யாரு?"

"அதுவும் மாத்தி மாத்தி நின்னானுங்க சார்."

மேனேஜர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "லைட் அணையற வரைக்கும் எடுத்துக்கோன்னு உன்னை உள்ள விட்டேன்ல? லைட் அணையறதுக்கு முன்னாடி சாவியோட யார் நின்னான்னு அதுல இருக்கும். அதைக் கொண்டு வா."

தலையாட்டினேன். விளக்கு அணைந்த பிறகும் கேமராவை நான் அணைக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வெளியே டீக்கடையில் நண்பன் நின்றிருந்தான். படத்தின் இரண்டாம் பாதிக்கு எங்களில் யாரும் உள்ளே போகவில்லை. கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, "இன்னா அண்ணாத்தே, லாரி ஸ்டார்ட் ஆச்சா?" என்றார்.

"ஆச்சி ஆச்சி. பிரேக்குதான் புடிக்கல," என்றார் தலைவர்.

கடைக்காரர் சிரித்தார். நாங்கள் ஓரமாகப் போய் நின்றோம். தலைவர் விஷயத்தைச் சொன்னார். நண்பன் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

"அண்ணா, எம்பேரு மட்டும் வேணாம்ணா."

"எவன் சொல்லப் போறான்? நானா? எம்மேல போடட்டும் விடு. எனுக்கு இன்னா கவுருமென்ட் உத்தியோகமா வரப் போவுது? வாய மூடிக்கினு டீயக் குடி."

அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள் என்று தெரிந்தால் பட்டறை முதலாளி அடுத்த நாளே வரவேண்டாம் என்பார். அந்தச் சாவி எங்கே கடைந்தது என்று விசாரித்தால் இன்னும் மோசம். அது மூன்று பேருக்கும் தெரியும்.

நண்பன் என்னிடம் வந்தான். "மச்சான், கேமராவோட மெமரி கார்டைக் குடு."

"எதுக்கு?"

"குடு மாமே. ஏரில தூக்கிப் போட்டுட்டுப் போறேன்."

"அதுல நீ மட்டுமா கீற? காலைலேந்து எடுத்தது மொத்தமும் கீது."

"ஆமா, உனுக்குப் படம் பெருசு." டம்ளரைத் தரையில் வைத்தான். "நேத்து எங்கப்பா புது செருப்பு வாங்கியாந்து வெச்சிக்கிறாரு. அவருக்கில்ல, எனுக்கு. வேலைக்குப் போட்டுக்கினு போவணுமாம்."

என் கை பைக்குள் கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் கண் என் கையில் இருந்தது. பிடுங்கிவிடுவானோ என்று ஒரு அடி தள்ளி நின்றேன். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவனைப் பார்த்து நான் விலகி நின்றது அதுதான் முதல் தடவை.

"டேய், நடு ரோட்டுல அடிச்சுக்காதீங்கடா," என்றார் தலைவர். "அவன் படிச்சவன். யோசிச்சிதான் செய்வான்."

மதியம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் கார்டைப் போட்டேன். சிமென்ட் ஷீட் கூரை. ஃபேன் அனலைத்தான் இறக்கியது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். இருட்டு. செல்ஃப் சத்தம். அரங்கம் முழுக்க அதையே வாயால் போடுகிறது. மேடை ஓரத்தில் அவன் நிழல் தெரிகிறது. நான் மேடைக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். ஹெட்லைட் எரியும்போது வெளிச்சம் சாவிமேல் பட்டு, அவன் நிழல் திரையில் பெரிதாக விழ வேண்டும் என்பது என் மனதில் இருந்த காட்சி. மாதக்கணக்கில் அதை நினைத்து வைத்திருந்தேன்.

அப்போது ஹெட்ஃபோனில் ஒரு குரல் கேட்டது. கேமராவுக்கு மிக அருகில், மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலே.

"பின்னாடி போ. இன்னும் ரெண்டு அடி பின்னாடி. சாவிய மேல தூக்கு. இன்னும் பின்னாடி மச்சான். நான் சொல்ற வரைக்கும் எறங்காத."

அவன் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நகர்கிறான். நான் சொல்வதற்கெல்லாம் நகர்கிறான். இன்ஜின் பிடிக்கிறது, வெளிச்சம் வருகிறது, சாவி திரும்புகிறது. அதன் பல் திரையில் மாட்டி, இறங்கும்போது கூடவே கோடும் இறங்குகிறது.

காலையிலிருந்து அவன் செய்த தப்பை எப்படி மறைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று மூன்று பாகமாகத் தெரிந்தவன் அவன். தானாக அவ்வளவு பின்னால் போயிருக்கவே மாட்டான்.

இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதன் பிறகு நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குரலை வெட்டிப் பார்த்தேன். எடிட்டிங்தான் என் தொழில், மூன்று நிமிட வேலை. வேறு இடத்துக் கூச்சலை எடுத்து அங்கே ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. ஒருவன் தன் இஷ்டத்துக்குப் பின்னால் போகிறான், திரையைக் கிழிக்கிறான். நான் யாரோ. அந்த மூன்று நிமிடமும் நான் எதை நினைத்துக்கொண்டு செய்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றாள். "இன்னாடா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒட்டியதை அழித்தேன். என் குரலை மட்டும் தனியாக, படம் இல்லாமல், சத்தமாக மட்டும் போனில் ஏற்றிக்கொண்டேன். கார்டையும் பழையபடி பையில் வைத்தேன். நண்பன் நான்கு தடவை கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்குத் தியேட்டர் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"இன்னா முடிவு பண்ண?"

"உம்பேரு வராது."

"சத்தியமா?"

"வராது. நீ கெளம்பு."

அவன் கிளம்பவில்லை. உள்ளேயும் வரவில்லை. நான் படியேறும்போது முதுகில் அவன் பார்வை இருந்தது.

மேனேஜர் மேசையில் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருந்தார். புகார் எழுதத் தயாராக, மேலே ஸ்டேஷன் முகவரி வரைக்கும் எழுதியிருந்தது. கார்டுக்காகக் கையை நீட்டினார்.

"சார், நான்தான் காரணம்," என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "மேடைல நின்னவனைப் பின்னாடி போகச் சொன்னது நான். என் பேரை எழுதிக்குங்க."

"நின்னவன் யாரு?"

"அத சொல்ல மாட்டேன் சார்."

"ஹீரோ மாதிரி பேசாத. நீதான் சொன்னேன்றதுக்கு இன்னா ஆதாரம்? நாளைக்கு நீயே இல்லேன்னு சொல்லுவ."

போனை மேசைமேல் வைத்து ஓட்டினேன். என் குரல் அந்தச் சின்ன அறையில் கேட்டது. இன்னும் ரெண்டு அடி பின்னாடி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். முழுதும் ஓடி முடிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மேனேஜர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"திரும்பப் போடு."

போட்டேன்.

"பின்னாடி செல்ஃப் அடிக்குதே. இது படத்துல வர்ற சத்தம்தானே? அப்போ இது எப்போ எடுத்தது?"

"டைட்டில் ஓடும்போது சார்."

"படமும் இருக்கா? கார்டுல?"

"இருக்கு சார்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஸ்டேஷனுக்குப் போன் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"புதுப்படம், ஃபர்ஸ்ட் ஷோ. ஹாலுக்குள்ள கேமரா ஓடியிருக்கு. ஸ்கிரீனைப் புடிச்சிருக்கு. வெளிய தெரிஞ்சா இன்னா ஆகும் தெரியுமா தம்பி? திருட்டு வீடியோன்னுதான் எழுதுவாங்க. அப்புறம் இந்தத் தியேட்டருக்கு எவன் படம் குடுப்பான்? உன்னை உள்ள விட்டது யாரு? நான். ஓனர்கிட்டகூடச் சொல்லல. சின்னப் பையன், ஆசப்பட்டுக் கேக்குறானேன்னு விட்டேன்."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் போனேன். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"கார்டைப் போடு. என் எதிர்ல அழி."

"அந்த இடம் மட்டுமா சார்?"

"மொத்தமும்."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தேன். சாவியை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தது, விடிகாலையில் எழுந்து குளித்துவிட்டு வந்தவர்களின் நெற்றி விபூதி, டிக்கெட்டை முகர்ந்து பார்த்த ஒரு பெரியவர், அரங்கம் போட்ட இன்ஜின் சத்தம். அந்தக் காலை முழுவதும் அதில்தான் இருந்தது. அழிக்கட்டுமா என்று லேப்டாப் ஒரு தடவை கேட்டது. அழித்தேன். போனில் இருந்ததையும் அழிக்கச் சொன்னார். பிறகு கார்டையே வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

"ஓனர்கிட்ட கூட்டத்துல எவன்னு தெரியல, கம்ப்ளெய்ன்ட் வேணாம்னு சொல்லிக்கிறேன். உங்க மன்றம் இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. கடுதாசி என்கிட்டயே இருக்கும்."

வெளியே வந்தேன். நண்பன் அப்படியே உட்கார்ந்திருந்தான். "எல்லாம் அழிச்சாச்சி," என்றேன். அவன் கண்ணை மூடித் திறந்தான். ஏதாவது சொல்வான் என்று நின்றேன். வண்டியை ஸ்டார்ட் செய்து கிளம்பிவிட்டான். அவன் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஒரு மாதம் கழித்து, கையில் மிச்சமிருந்த பழைய காட்சிகளை வைத்துப் படத்தை முடித்தேன். நண்பனின் வெரிஃபிகேஷன் அப்போதும் முடிந்திருக்கவில்லை. ஸ்டேஷன் ஆள் எந்த நாளும் வரலாம். மன்றத்தில் இருந்த ஒரு முகத்தை எங்கே யார் பார்ப்பார்கள், எதை எதோடு முடிச்சுப் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் அவன் வருகிற இடமெல்லாம் எடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரப் பேட்டி கொடுத்திருந்தான். மூன்று பாகத்தின் வசனத்தையும் மனப்பாடமாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான். குழுப் புகைப்படத்தில் அவன் இருந்த ஓரத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளினேன். அவனிடம் கேட்கவில்லை. அவனும் என்ன செய்தாய் என்று கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் தலைவர் வீட்டு ஹாலில் போட்டுக் காட்டினோம். மன்றத்துக்காரர்கள் பதினைந்து பேர், பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர். நண்பன் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, டிவிக்கு நேர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் ஓடியது. ஆட்கள் தங்கள் முகம் வரும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தார்கள். "டேய், உன்னிய விட உன் வண்டி அழகா கீதுடா." அந்த அம்மா ஒவ்வொரு முகத்தையும் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"எம்புள்ள எப்போ தம்பி வருவான்?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். தலைவர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார். நண்பன் கதவோரம் நின்றிருந்தான். திறந்திருந்த கதவையும், வெளியே தெருவையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"நான் எப்டிம்மா வருவேன்? நான் மன்றத்துலயே இல்லியே."

"இல்லியா? அப்போ ஒவ்வொரு படத்துக்கும் விடிகாலைல எழுந்து குளிச்சிட்டு ஓடுனது யாருடா?"

படம் இன்னும் பதினோரு நிமிடம் ஓட வேண்டியிருந்தது.